அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் எப்படி வந்தது? எட் ஓபேனனிலிருந்து தொடங்கினால்தான் புரியும்

2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் அதிகபட்சமாக சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்குப் பிரித்துத் தரலாம். இதோடு சேர்ந்து, பழைய வீரர்களுக்குப் பாக்கித் தொகையாக சுமார் 280 கோடி டாலர் தர வேண்டும் என்றும் ஒரு சமரச ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பையனுக்கு எதற்குச் சம்பளம், ஸ்காலர்ஷிப்தான் இருக்கிறதே, இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை, இப்போது மட்டும் ஏன் என்று செய்தியைப் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். இதற்குச் சட்டப் பிரிவுகளிலிருந்து விளக்கம் சொன்னால் தலை சுற்றும். எட் ஓபேனன் என்ற ஒரு கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையிலிருந்து ஆரம்பித்தால் எளிதாகப் புரிந்துவிடும். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: என் முகத்தை விற்கிறீர்களே, அது யாருக்குச் சொந்தம்?

முதலில் சில அடிப்படைச் சொற்கள்

1. என்சிஏஏ: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம். 1906இல் தொடங்கியது. இது அரசு அமைப்பு இல்லை, கல்லூரிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து தங்களுக்குள் விதி போட்டுக்கொள்ளும் கூட்டமைப்பு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

2. அமெச்சூர்: விளையாட்டுக்குக் காசு வாங்காதவர். கல்லூரி வீரர் அமெச்சூராகவே இருக்க வேண்டும் என்பது என்சிஏஏவின் மூல விதி. சம்பளம் கூடாது, விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கக் கூடாது, தன் கையெழுத்தைக்கூட விற்கக் கூடாது.

3. ஸ்காலர்ஷிப்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். வீரருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ஊருக்குப் போய்வரும் செலவு, துணிமணி, கைச்செலவு இதில் சேராது. பல ஆண்டுகளாக இது ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது. பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனால் அடுத்த வருஷம் இல்லை என்ற நிலையும் இருந்தது.

4. 'மாணவ விளையாட்டு வீரர்': கேட்க அழகான சொல், ஆனால் இது பிறந்த காரணம் அழகானது இல்லை. 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்கு உரிய இழப்பீடு வேண்டும் என்று கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த மாதிரி வழக்குகளில் வீரர்களைத் 'தொழிலாளி' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்றைய என்சிஏஏ தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் காலத்தில் இந்தச் சொல்லை உருவாக்கிப் பரப்பினார்கள். பையர்ஸே ஓய்வு பெற்ற பிறகு எழுதிய நூலில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முழங்கால் போய், பட்டம் வந்த கதை

எட் ஓபேனன் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 6 அடி 8 அங்குல உயரம், இடதுகைக்காரர். பள்ளியில் படிக்கும்போதே நாடு முழுக்கத் தெரிந்த பெயர். முதலில் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்குப் போவதாகத்தான் இருந்தது. அந்த அணி விதிமீறல் தண்டனையில் சிக்கியதால் சொந்த ஊரிலேயே இருந்த யுசிஎல்ஏவில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சேர்ந்தார்.

யுசிஎல்ஏ என்பது சாதாரணக் கல்லூரி அணி இல்லை. ஜான் வுடன் என்ற பயிற்சியாளர் 1964 முதல் 1975 வரை அங்கே 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். அவர் போன பிறகு ஒன்றுகூட வரவில்லை. அதனால் அங்கே வருகிற ஒவ்வொரு திறமைசாலி மேலும் அந்தப் பத்துப் பட்டங்களின் பாரம் ஏறி உட்கார்ந்துவிடும்.

1990 அக்டோபரில், கல்லூரி அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், சும்மா நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது ஓபேனனின் இடது முழங்காலின் தசைநார் கிழிந்துவிட்டது. இறந்துபோன ஒருவரிடமிருந்து எடுத்த திசுவை வைத்துச் சரிசெய்தார்கள். அந்த வருஷம் முழுக்கப் போயிற்று. அடுத்த வருஷமும் பெரும்பாலும் பெஞ்சில்தான். கூடைப்பந்தில் முழங்கால்தான் எல்லாம். எம்பிக் குதிப்பது, சட்டென்று திரும்புவது, இறங்கி நிற்பது எல்லாமே அதன் மேல்தான். 18 வயதில் அது போனால் இனி ஆட முடியுமா என்ற கேள்வியே வந்துவிடும்.

அவர் மெதுவாகத் திரும்பி வந்தார். 1993இல் தம்பி சார்ல்ஸும் அதே அணியில் சேர்ந்தார். 1994-95 சீசனில் ஓபேனன் ஆட்டத்துக்கு 20.4 புள்ளிகள், 8.3 ரீபவுண்ட் என்று ஆடினார். ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தை எம்பிப் பிடிப்பது, போட்டியை வெல்வதில் பாதி அதில்தான் இருக்கிறது. 1995 ஏப்ரல் 3 அன்று சியாட்டில் கிங்டோம் அரங்கில், 38,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் இறுதிப் போட்டி. எதிரே முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஆர்கன்சா. யுசிஎல்ஏவில் பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர் டைஅஸ் எட்னி மணிக்கட்டுக் காயத்தால் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே வெளியே போய்விட்டார். ஓபேனன் 30 புள்ளிகள் எடுத்து 17 ரீபவுண்டும் பிடித்தார். 89-78. 20 வருஷத்துக்குப் பிறகு யுசிஎல்ஏவுக்குப் பட்டம். தொடரின் சிறந்த வீரர் அவர்தான், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான வுடன் விருதும் அவருக்குத்தான்.

அந்த இரவில் தொலைக்காட்சிக்கு விளம்பர வருமானம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சட்டையும் தொப்பியும் விற்றன. பயிற்சியாளருக்குச் சம்பளம் இருந்தது. களத்தில் 30 புள்ளி எடுத்தவருக்கு ஸ்காலர்ஷிப் இருந்தது. நான் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், எப்படிக் கணக்குப் போட்டாலும் சரியாக வருவதில்லை.

'பின்னால் சம்பாதித்துக்கொள்ளலாம்' என்ற வாதம் எங்கே உடைகிறது

கல்லூரி வீரருக்குக் காசு வேண்டாம், தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போனதும் கோடி கோடியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். ஓபேனன் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

1995இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் நியூ ஜெர்சி நெட்ஸ் அவரை 9ஆவது ஆளாக எடுத்தது. இரண்டே சீசன். நடுவில் டல்லாஸ் மேவரிக்ஸுக்கு மாற்றினார்கள். மொத்தம் 128 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 5 புள்ளிகள். 1997இல், 25 வயது நிறைவதற்குள் என்பிஏ முடிந்துவிட்டது. அப்புறம் இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், அர்ஜென்டினா, போலந்து என்று ஊர் ஊராக ஆடினார். ஓய்வுக்குப் பிறகு லாஸ் வேகாஸ் பக்கம் குடியேறி, டொயோட்டா கார் விற்கும் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தார். கார் விற்பது கௌரவமான வேலை, அவர் அதை மகிழ்ச்சியோடுதான் செய்தார். நான் சொல்ல வருவது வேறு: இந்த மனிதரின் சந்தை மதிப்பு உச்சத்தில் இருந்தது 1995 மார்ச், ஏப்ரலில். சரியாக அந்த நேரத்தில்தான் அவர் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது என்று விதி இருந்தது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் என்பிஏ வாசலைக்கூடப் பார்ப்பதில்லை, அவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஒரு வீடியோ கேம், 31ஆம் எண்

2009 வாக்கில் ஓபேனன் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நண்பரின் மகன் ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கல்லூரிக் கூடைப்பந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். அதில் 1995 யுசிஎல்ஏ அணி இருந்தது. திரையில் 31ஆம் எண் சட்டை, மழித்த தலை, அதே உயரம், அதே நிறம், இடது கையால் எறிகிற ஓர் உருவம். பெயர் மட்டும் இல்லை. முதலில் அவருக்குப் பெருமையாக இருந்ததாம். இந்த கேமுக்கு நாங்கள் காசு கொடுத்தோம், உனக்கு அதில் ஒன்றும் வரவில்லையே என்று நண்பர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதே சமயம், ஒரு காலத்தில் நைக்கி நிறுவனத்துக்காகக் கல்லூரிகளோடு ஷூ ஒப்பந்தங்கள் போட்ட சன்னி வக்காரோ, என்சிஏஏவுக்கு எதிராக வழக்குப் போட ஒரு வீரரைத் தேடிக்கொண்டிருந்தார். 2009 ஜூலையில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஓபேனன் பெயரில் வழக்கு பதிவானது. எதிர்த்தரப்பில் என்சிஏஏவும், கல்லூரிகளின் முத்திரை உரிமங்களைக் கையாளும் ஒரு நிறுவனமும். ஈஏ பின்னால் எதிர்த்தரப்பில் சேர்ந்தது. பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன் போன்ற கூடைப்பந்து ஜாம்பவான்களும் பிறகு வாதிகளாகச் சேர்ந்தார்கள்.

சட்ட வாதம், படிப்படியாக

இதை உரிமைப் பிரச்சினையாக மட்டும் வாதாடியிருந்தால் வழக்கு அநேகமாக அங்கேயே முடிந்திருக்கும். ஓபேனன் தரப்பு எடுத்த வழி ஏகபோகத் தடுப்புச் சட்டம், அதாவது 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம்.

1. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது இந்தச் சட்டப்படி குற்றம். விற்கிறவர்கள் கூடி விலை ஏற்றுவதும் தப்பு, வாங்குகிறவர்கள் கூடி விலையை அமுக்குவதும் தப்பு. ஒரு வட்டாரத்தில் நெல் வாங்கும் மில்காரர்கள் எல்லோரும் சேர்ந்து 'இந்த விலைக்கு மேல் ஒருவரும் கொடுக்கக் கூடாது' என்று பேசி வைத்துக்கொண்டால் விவசாயிக்கு என்ன ஆகுமோ அதுதான்.

2. யுசிஎல்ஏவும் ஆர்கன்சாவும் டியூக்கும் நல்ல வீரர்களுக்காக ஒன்றோடு ஒன்று போட்டியிடுகின்றன. ஆக, அவை வாங்குகிறவர்கள்.

3. அந்தப் போட்டியாளர்களே என்சிஏஏ என்ற கூட்டமைப்பில் உட்கார்ந்து, வீரரின் பெயருக்கும் உருவத்துக்கும் விலை பூஜ்யம் என்று விதி போட்டிருக்கிறார்கள்.

4. எனவே, 'அமெச்சூர் விதி' என்பது சட்டத்தின் கண்ணில் வாங்குகிறவர்களின் விலை ஒப்பந்தம்.

என்சிஏஏவின் பதில்: வீரர்கள் காசு வாங்காததால்தான் மக்களுக்குக் கல்லூரி விளையாட்டு பிடிக்கிறது, காசு வந்தால் கவர்ச்சி போய்விடும். அவர்கள் கையில் ஒரு பழைய தீர்ப்பும் இருந்தது. 1984இல் ஃபுட்பால் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் என்சிஏஏவுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் போகிற போக்கில், வீரர்களுக்குச் சம்பளம் கூடாது என்பது இந்த விளையாட்டின் தன்மையைக் காக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்சிஏஏ 30 வருஷத்துக்கும் மேல் வாதாடியது. இத்தனைக்கும் 2010இல் மார்ச் மேட்னஸ் என்ற தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பை மட்டும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்ற சங்கம் அது.

ஓக்லண்ட் நீதிமன்றம், 2014

விசாரணைக்கு முன்பே ஈஏயும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. என்சிஏஏவும், கேம்களை எதிர்த்து சாம் கெல்லர் என்ற ஃபுட்பால் வீரர் போட்ட தனி வழக்கில் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கல்லூரி கேம்கள் தயாரிப்பதையே ஈஏ நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த முக்கிய வழக்கை 2014 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் விசாரித்தார். ஜூரி இல்லை.

ஓபேனன்தான் முதல் சாட்சி. வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் கூடைப்பந்துக்கே போனது, படிப்புக்கு 12 மணி நேரம்தான் கிடைத்தது என்றார். தான் படிக்க விரும்பிய பாடம் பயிற்சி நேரத்தோடு மோதியதால் வரலாற்றுத் துறைக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், மாணவன் வேஷம் போட்ட விளையாட்டு வீரனாகத்தான் தான் இருந்தேன் என்றும் சொன்னார். 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விசாரணைக்குப் போகும்போது அவர் தரப்பு தனிப்பட்ட நஷ்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டது. இழப்பீடு கேட்கும் கூட்டு வழக்காக நடத்த நீதிமன்றம் ஏற்கெனவே அனுமதி மறுத்திருந்தது. அதனால் விதியை மாற்றச் சொல்லி மட்டுமே கேட்டார்கள். என்சிஏஏவிடமிருந்து தனக்கு நஷ்டஈடாக ஒரு டாலரும் வராது என்று தெரிந்துதான் ஓபேனன் கூண்டில் ஏறினார்.

தீர்ப்புகள் வந்த வரிசை:

1. 2014 ஆகஸ்ட் 8: என்சிஏஏ சட்டத்தை மீறியது என்று வில்கன் 99 பக்கத் தீர்ப்பு எழுதினார். படிப்புக்கு ஆகும் முழுச் செலவையும் கல்லூரிகள் கொடுக்கலாம், அதற்கு மேல் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தனிக் கணக்கில் போட்டு வைத்து, படிப்பு முடிந்ததும் தரலாம் என்றார்.

2. 2015 செப்டம்பர் 30: ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டமீறல் உண்மை என்று உறுதிசெய்தது, ஆனால் 5,000 டாலரை ரத்து செய்தது. படிப்போடு தொடர்புள்ள செலவு வேறு, ரொக்கம் வேறு என்பது அவர்கள் காரணம்.

3. 2016 அக்டோபர்: இரு தரப்பு மனுக்களையும் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்துவிட்டது.

அன்று பலர் இதைப் பாதித் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. '1984 வரி' ஒரு கவசம் இல்லை, என்சிஏஏவும் மற்ற எல்லோரையும் போல ஷெர்மன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுதிவிட்டது. அடுத்து வருகிறவர்களுக்கு அதுதான் தேவைப்பட்டது.

அங்கிருந்து 2025 வரை

2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: வீரர் தன் பெயரை வைத்துச் சம்பாதித்தால் கல்லூரி அவரைத் தண்டிக்கக் கூடாது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது படிப்பு தொடர்பான சலுகைகளைப் பற்றிய வழக்குதான், ஆனால் பழைய 1984 வரி வெறும் போகிற போக்கில் சொன்னது என்று ஒதுக்கிவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, என்சிஏஏ தன் விதியைத் தளர்த்தியது. இதைத்தான் செய்திகளில் 'என்ஐஎல்' என்கிறார்கள், பெயர், உருவம், அடையாளம் ஆகிய மூன்றையும் குறிக்கும் சுருக்கம். வீரர் விளம்பரம் செய்யலாம், கையெழுத்தை விற்கலாம். ஆனால் அப்போது கொடுப்பது வெளியாள்தான், கல்லூரி கொடுக்கக் கூடாது என்றே இருந்தது.

கடைசிப் படி ஹவுஸ் வழக்கு. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ், கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ் ஆகியோர் தொடுத்தது. விசாரித்தவர் அதே வில்கன். 2025 ஜூன் 6 அன்று சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு எண்களும் இதிலிருந்து வந்தவைதான்.

இதனால் என்ன மாறுகிறது

1. இது 'சம்பளம்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, சட்டப்படி வீரர் இன்னும் ஊழியர் இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 13-2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் சேர முடிவெடுத்தது, ஆனால் அந்த ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ரே டென்னிசனின் மனைவி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

2. அந்த 2.05 கோடி என்பதும் ஓர் உச்சவரம்புதான். அதாவது, வாங்குகிறவர்கள் கூடி வைத்த இன்னொரு விலை. வீரர்களுக்குச் சங்கம் இல்லாமல், பேரம் பேசாமல் வைத்த வரம்பு என்பதால் இதுவும் நாளை நீதிமன்றம் ஏறலாம். அதைத் தவிர்க்கத்தான் என்சிஏஏ நாடாளுமன்றத்திடம் சட்டவிலக்கு கேட்டுக்கொண்டிருக்கிறது. கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

3. பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிற 1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பணத்துக்குப் பொருந்துமா என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். இது நியாயமான கேள்வி, ஒப்பந்தத்தில் இதற்குத் தெளிவான விடை இல்லை.

4. ஈஏ 2024 ஜூலையில் கல்லூரி ஃபுட்பால் கேமை மறுபடி வெளியிட்டது. இந்த முறை வீரர்களிடம் சம்மதம் கேட்டு, உண்மையான பெயரைப் போட்டு, ஆளுக்கு 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். 600 டாலர் குறைவுதான். ஆனால் கேட்டார்கள்.

யாருக்கு வரவில்லை

ஹவுஸ் சமரசத்தின் பாக்கித் தொகை 2016 முதல் ஆடியவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தையவர்கள் கேட்டால் காலக்கெடு முடிந்துவிட்டது என்ற பதில்தான் வருகிறது. ஏகபோக வழக்குகளுக்கு நான்கு ஆண்டுதான் அவகாசம். 2008 இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் மூன்று புள்ளி எறிந்து கேன்சஸ் அணியைக் காப்பாற்றிய மாரியோ சால்மர்ஸ், அந்த வீடியோவை என்சிஏஏ இன்னும் காட்டிச் சம்பாதிக்கிறது என்று 2024இல் வழக்குத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டே இதே காரணத்தால் தள்ளுபடி ஆனது.

1995 இன்னும் பின்னால் இருக்கிறது. ஓபேனனின் 31ஆம் எண் சட்டையை யுசிஎல்ஏ 1996இலேயே ஓய்வு கொடுத்துவிட்டது, அதை வேறு யாரும் அணிய முடியாது. இன்று அதே யுசிஎல்ஏவில் ஆடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே பங்கு தரலாம். அந்தக் கணக்கில் எந்த வரியிலும் ஓபேனன் பெயர் வராது.